கிரீஸ் போடாததற்குப் பெயர் ‘இயந்திரக் கோளாறு’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எந்த நாட்டில் எந்த விமானம் விழுந்தாலும் மறுநாள் நம் பத்திரிகைகளில், தங்கள் நாளிதழும் சேர்த்துத்தான், ‘இயந்திரக் கோளாறு காரணமாக’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. டயர் வெடித்தாலும் இயந்திரக் கோளாறு, கதவு சரியாக மூடாவிட்டாலும் இயந்திரக் கோளாறு. படிக்கிறவர் மனதில் என்ஜின் நின்றுபோன காட்சிதான் வரும். என்ஜின்கள் இரண்டிலும் ஒரு குறையும் இல்லாமல், கிரீஸ் காணாமல் தேய்ந்த ஒரே ஒரு நட்டினால் 88 பேர் செத்த விபத்து ஒன்று உண்டு: அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 261-ஆம் எண் விமானம். பராமரிப்புப் பிழை என்றால் என்ன, அது எங்கே உட்கார்ந்திருக்கும் என்று காட்ட இதைவிடத் தெளிவான விபத்து இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் விட்டுவையுங்கள்.

நடந்தது 2000 ஜனவரி 31 அன்று. மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டில் போக வேண்டிய எம்டி-83 விமானம், கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் அனகாபா தீவுக்கு வடக்கே பசிபிக் கடலில் விழுந்தது. பயணிகள் 83 பேர், விமானிகள் 2 பேர், கேபின் ஊழியர்கள் 3 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. விமானம் 1992-ல் வந்தது. ஓட்டை விமானம் என்று யாரும் சொல்ல முடியாது.

எம்டி-83-இன் வாலை எட்டியிருந்து பார்த்தால் ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும். நிமிர்ந்து நிற்கும் வாலின் உச்சியில் 40 அடி நீளத்துக்கு ஒரு கிடைச் சிறகு. அதைத்தான் ஸ்டெபிலைசர் என்கிறோம். பின்பக்கம் கீலில் மாட்டியிருக்கும். முன்பக்கத்தை ஏற்றினால் விமானத்தின் மூக்கு கீழே போகும், இறக்கினால் மூக்கு மேலே வரும். ஏற்றி இறக்குவது ஒரு ஜாக் ஸ்க்ரூ. லாரிக்கு அடியில் வைத்துச் சுற்றும் திருகு ஜாக்கியை நினைத்துக்கொண்டால் போதும். சுமார் 2 அடி நீளம், ஒன்றரை அங்குலப் பருமனில் ஓர் எஃகு ஸ்க்ரூ. அதன் மேல்முனை ஸ்டெபிலைசரின் முன்பக்கத்தைப் பிடித்திருக்கும். அது நுழைந்து போகிற நட், செங்குத்து வாலோடு கட்டியிருக்கும். மின்மோட்டார் ஸ்க்ரூவைச் சுற்றும்போது, அது நட்டுக்குள் ஏறும், இறங்கும். கூடவே ஸ்டெபிலைசரின் மூக்கும். மோட்டார் இரண்டு வைத்திருக்கிறார்கள், ஒன்று போனால் மற்றது. நட் ஒன்றுதான்.

அந்த நட் அலுமினியம் கலந்த வெண்கலம். எஃகு ஸ்க்ரூவைவிட மெத்தென்று இருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். ஷாஃப்டுக்கு வெண்கல புஷ் போடுகிற அதே கணக்கு: தேய்வது புஷ்ஷாக இருக்கட்டும், ஷாஃப்ட் தப்பட்டும். ஆக, இந்த நட் தேயத்தான் செய்யும். தேய்வது பிழை இல்லை. எவ்வளவு வேகமாகத் தேய்கிறது, அதை யார் எப்போது அளக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வடிவமைத்தவர்களும் ஏமாளிகள் அல்ல. நட்டுக்குள் ஒன்றோடொன்று சேராத இரண்டு தனி மரைகள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். ஸ்க்ரூவே முறிந்தால் பிடித்துக்கொள்ள அதன் உள்ளே நீளவாக்கில் ஒரு தண்டும் உண்டு. முறிவுக்கு இதெல்லாம் காவல். ஆனால் இரண்டு மரையும் இருப்பது ஒரே நட்டில், நனைவது ஒரே கிரீஸில். கிரீஸ் வற்றினால் இரண்டும் ஜோடியாகத்தான் தேயும். நட்டின் மரை முழுக்கப் போய்விட்டால் உள்ளே இருக்கும் தண்டால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. மரை கழன்றவன் என்று ஆட்களைக் கேலி பேசுகிறோம். மரை நிஜமாகவே கழன்றால் என்ன ஆகும் என்று அந்த வரைபடத்தில் யாரும் எழுதவில்லை. 1965-ல் இதன் முன்னோடியான டிசி-9 விமானத்துக்கு அனுமதி வாங்கிய ஏற்பாடு, அப்படியே எம்டி-83 சேர்ந்த எம்டி-80 வரிசைக்கும் வந்தது.

இனி கிரீஸ் வேலை. காகிதத்தில் எளிய வேலை. வாலில் இருக்கும் மூடிகளைக் கழற்ற வேண்டும். நட்டில் உள்ள நிப்பிளில் கிரீஸ் கன்னை மாட்டி, பழைய கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதுசு தலைகாட்டும்வரை அழுத்த வேண்டும். பிறகு ஸ்க்ரூவின் மரை முழுக்க பிரஷ்ஷால் லேசாகப் பூச வேண்டும். கடைசியாக மோட்டாரைப் போட்டு ஸ்டெபிலைசரை மேலிருந்து கீழ் எல்லைவரை ஓட்டி, கிரீஸை மரைக்குள் பரப்ப வேண்டும். இடம்தான் சிக்கல். மூடியின் வாய் சின்னது. கை உள்ளே போகும். கை போனபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தடவித் தடவிச் செய்கிற வேலை. நிப்பிளில் கிரீஸ் இறங்கியதா, பக்கவாட்டில் பிதுங்கி வழிந்ததா என்று விரலால் உணர்வதுதான். நட்டுக்குள் போகும் சின்னத் துளையைக் காய்ந்த பழைய கசடு அடைத்திருந்தால், எத்தனை முறை கன்னை அழுத்தினாலும் மரைக்கு ஒரு சொட்டும் சேராது. ஜாப் கார்டில், அதாவது வேலைத் தாளில், கையெழுத்து மட்டும் விழும். இதைச் சரியாகச் செய்ய 4 மணி நேரம் பிடிக்கும் என்பது விசாரணையில் வந்த மதிப்பீடு. இந்த விமானத்துக்குக் கடைசியாக 1999 செப்டம்பரில் கிரீஸ் வைத்தவர், தனக்குச் சுமார் 1 மணி நேரம் ஆனதாகச் சொன்னார்.

இந்த ஒரு வரியோடு ‘மெக்கானிக்கின் அலட்சியம்’ என்று தலைப்புப் போட்டுவிடத் தோன்றும். அது பாதி உண்மைகூட இல்லை. கிரீஸ் வைக்கும் இடைவெளியைப் பாருங்கள். அலாஸ்கா ஏர்லைன்ஸில் 1985-ல் 700 பறப்பு மணிக்கு ஒருமுறை. 1987-ல் 500 மணிக்கு ஒருமுறை, நல்லது, குறைத்தார்கள். 1988-ல் 1,000. 1991-ல் 1,200. 1994-ல் 1,600. 1996-ல் மணிக் கணக்கையே எடுத்துவிட்டு ‘8 மாதத்துக்கு ஒருமுறை’ என்று மாற்றினார்கள். அந்த விமானங்கள் பறந்த வேகத்துக்கு அது சுமார் 2,550 மணி. ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1,000-க்கும் 1,200-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? சேர்த்துக் கூட்டினால் 9 ஆண்டில் 500 என்பது 2,550 ஆகியிருக்கிறது. மேற்பார்வை செய்ய வேண்டிய எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதற்கு அனுமதியும் கொடுத்திருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், 1999 செப்டம்பரில் வைத்த கிரீஸுக்கு ஜனவரியில் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தாளின்படி இந்த விமானம் கிரீஸ் தவறியதே இல்லை.

தேய்மானத்தை அளக்கும் வேலைக்கும் இதே கதிதான். நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே எவ்வளவு ‘பிளே’ இருக்கிறது, அதாவது ஆட்டம் எவ்வளவு, என்று பார்ப்பது. ஸ்டெபிலைசரை ஒரு பிடிமானக் கருவியால் ஒருபக்கம் இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் தள்ளி, நடுவில் எவ்வளவு நகர்ந்தது என்பதை டயல் கேஜில் படிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.003 அங்குலம் முதல் 0.040 அங்குலம்வரை. லேத் பட்டறைக் கணக்கில் 3 தவ் முதல் 40 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆசாரி கணக்கில் 1 நூல் என்பது 125 தவ். அப்படியென்றால் 40 தவ் என்பது ஒரு நூலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மில்லிமீட்டரில் 1. கண்ணால் பார்த்துச் சொல்கிற அளவே இல்லை; கருவியை நம்பித்தான் ஆக வேண்டும்.

1,000 பறப்பு மணிக்கு 1 தவ் தேயும் என்பது எதிர்பார்ப்பு. முதலில் 5,000 மணிக்கு ஒருமுறை அளந்தார்கள். அளவு பார்ப்பது ‘சி செக்’ என்ற பெரிய பராமரிப்போடு, ஒன்றுவிட்டு ஒன்று என்று கட்டியிருந்தது. சி செக்கின் இடைவெளியைத் தள்ளத் தள்ள, யாரும் தனியாக முடிவெடுக்காமலே, இதுவும் கூடவே நழுவியது. 1988-ல் 26 மாதம், ஏறத்தாழ 6,400 மணி. 1996-ல் 30 மாதம், ஏறத்தாழ 9,550 மணி. இழுத்துக்கொண்டே போனவர்கள் நட்டை நினைத்திருக்கவே மாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். அவர்கள் தள்ளியது சி செக்கை. நட் அதன் வாலில் கட்டிய டப்பா.

இப்போது 1997 செப்டம்பர், ஓக்லாண்ட் ஹேங்கர். சி செக்கில் இந்த விமானத்தை அளந்த தலைமை மெக்கானிக்குக் கிடைத்த எண் 0.040. எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் எல்லையிலேயே நிற்கிறது. நட்டை மாற்ற வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதினார். ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் அந்த வரியை மாற்றி ‘மீண்டும் சோதிக்கவும்’ என்று எழுதி, திரும்ப அளந்தார்கள். 0.033 வந்தது. ஐந்து முறை அளந்தும் அதே 0.033. நட் மாறவில்லை, விமானம் பறக்கப் போய்விட்டது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஐந்து முறை ஒரே எண் வந்தால் அளவு சரி என்று அர்த்தம் இல்லை. கருவி தவறானால், தவறையே ஐந்து முறை துல்லியமாகக் காட்டும். ஸ்டெபிலைசரை இழுக்கும் பிடிமானக் கருவியை அந்த நிறுவனம் வெளியே வாங்காமல் சொந்தப் பட்டறையில் செய்துகொண்டது. விபத்துக்குப்பின் பார்த்தபோது அப்படிச் செய்த கருவிகள், விமானத் தயாரிப்பாளரான போயிங்கின் வரைபட அளவுகளுக்குப் பொருந்தவில்லை. முழு பலத்தோடு இழுக்காத கருவி ஆட்டத்தைக் குறைத்தே காட்டும். 40-ம் 33-ம் வந்தால், ஏன் இரண்டு எண் வந்தது என்று தெரியும்வரை விமானத்தை விடக்கூடாது. நல்ல எண்ணைத் தேர்ந்தெடுப்பது அளப்பது ஆகாது.

இரண்டாவது, 0.033-ஐ அப்படியே நம்பினாலும் கணக்கு உதைக்கிறது. எல்லைக்கு மீதி 7 தவ். 1,000 மணிக்கு 1 தவ் என்றால் 7,000 மணி தாங்கும். அடுத்த அளவோ 9,550 மணி கழித்து, 2000 மார்ச்சில். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் அடுத்த முறை அளப்பதற்குமுன் எல்லை தாண்டியிருக்கும். விதிமுறைப்படி விமானத்தை விடலாம், ஏனென்றால் 40-க்குக் குறைவு. அடுத்த சோதனைவரை தாங்குமா என்ற கேள்வி விதியில் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஜாப் கார்டில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் யாராவது போட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த மார்ச் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால் விமானம் கடலில்.

அன்று வானத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறும்போதே ஜாக் ஸ்க்ரூ இறுகிக்கொண்டது. வறண்டு தேய்ந்த மரைகள் ஒன்றோடொன்று கவ்விவிட்டன. விமானிகள் பெரும்பாலான நேரம் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே 31,000 அடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவது என்று முடிவெடுத்தபின், மாலை 4:09 அளவில் மோட்டார்களை மறுபடி போட்டுப் பார்த்தபோது இறுகியது விட்டது. விட்டதற்குக் காரணம், மிச்சமிருந்த மரை மொத்தமாக உரிந்துபோனதுதான். மூக்கு கவிழ்ந்து, ஒன்றரை நிமிடத்துக்குள் விமானம் 24,000 அடிக்குக் கீழே வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்து நிமிர்த்தினார்கள். அந்த நிலையில் 40 அடி ஸ்டெபிலைசரைத் தாங்கியது நட்டு அல்ல. ஸ்க்ரூவின் அடியில், அளவுக்கு மீறி ஓடாமல் தடுக்க வைத்த சின்ன ஸ்டாப். சுமை தாங்க வைத்த பாகமே இல்லை அது. பத்து நிமிடம் தாங்கியது. பிறகு அதுவும் போனது. 18,000 அடியிலிருந்து விமானம் தலைகீழாகப் புரண்டு விழுந்தபோதும் அவர்கள் கைவிடவில்லை. குரல் பதிவில் கடைசி நொடிவரை அது தெரிகிறது.

கடலடியிலிருந்து ஸ்க்ரூவை எடுத்தார்கள். ஸ்க்ரூவின் எஃகு மரையைச் சுற்றி, சுருட்டிய கம்பி போல, மெல்லிய வெண்கல இழைகள் தொங்கின. நட்டின் மரை அது. நட்டுக்குள் இருந்திருக்க வேண்டிய மரையில் சுமார் 90 விழுக்காடு அந்தப் பயணத்துக்கு முன்பே தேய்ந்து போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். ஸ்க்ரூ ஓடும் பகுதியில் வேலைக்கு ஆகும் கிரீஸ் இல்லை. நட்டின் கிரீஸ் துளை அடைத்திருந்தது. கிரீஸின் பிராண்டை இடையில் மாற்றியது பற்றியும் அப்போது நிறையப் பேச்சு. மொபில்கிரீஸ் 28-க்குப் பதில் ஏரோஷெல் 33-க்கு அந்த நிறுவனம் மாறியிருந்தது. அதனால் தேயவில்லை என்று, விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. எந்த கிரீஸ் என்பது பிரச்சினை இல்லை, இருந்ததா என்பதுதான். வாரியத்தின் இறுதி அறிக்கை 2002 டிசம்பரில் வந்தது: மரை தேய்ந்தது போதிய கிரீஸ் இல்லாததால். கிரீஸ் இடைவெளியையும் அளவு இடைவெளியையும் நீட்டியது, எஃப்ஏஏ அதற்கு ஒப்புக்கொண்டது, மரை முழுக்கப் போனால் தாங்க இரண்டாவது வழி இல்லாதது ஆகியவற்றையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஒரே இரவில் நடக்கும் பராமரிப்புப் பிழையும் உண்டு. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சஸில் ஈகிள் லேக் அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 விழுந்து 14 பேர் இறந்தார்கள். முந்தின இரவு, வாலின் முன்விளிம்பில் பனி ஒட்டாமல் தடுக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை. இடப்பக்கத்தின் மேல்புறத்தில் 47 ஸ்க்ரூக்களைக் கழற்றியாகிவிட்டது. ஷிஃப்ட் மாறும்போது அது சரியாக ஒப்படைக்கப்படவில்லை. அடுத்த ஷிஃப்ட் வலப்பக்கத்தை மட்டும் முடித்தது. காலையில் அந்த 47 ஸ்க்ரூக்கள் இல்லாமலே விமானம் கிளம்பியது. அன்று ஒருதடவை போய்ச் சேர்ந்தும்விட்டது. திரும்பும் வழியில், லாரெடோவிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து இறங்கும்போதுதான் முன்விளிம்பு பிய்ந்தது. வாலின் உச்சியில், தரையிலிருந்து எட்டாத இடத்தில் இருப்பதால், கிளம்புமுன் சுற்றிப் பார்க்கும் விமானி கண்ணில் படவும் வாய்ப்பில்லை. அது ஒரு ராத்திரிக் கதை. 261 பத்து வருடக் கதை. இரண்டுக்கும் நம் பத்திரிகைகள் ஒரே சொல்லைத்தான் போட்டிருக்கும்.

அலாஸ்கா விபத்து நடந்த சில நாட்களில் எஃப்ஏஏ அவசர உத்தரவு போட்டு, அந்த வகை ஜாக் ஸ்க்ரூ உள்ள எல்லா விமானங்களையும் சோதித்துப் பார்க்கச் சொன்னது. பிறகு வைத்த இடைவெளி: அளவு 2,000 பறப்பு மணிக்கு ஒருமுறை, கிரீஸ் 650 மணிக்கு ஒருமுறை. 1985-ல் அந்த நிறுவனத்தில் இருந்தது 700. கிரீஸ் வைத்தவரே கையெழுத்துப் போட்டு முடிக்காமல் தனி இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய வேலையாக அதை மாற்ற வேண்டும், கை மட்டும் போகிற மூடியைக் கண்ணும் போகிற அளவுக்குப் பெரிதாக்க வேண்டும் என்றும் வாரியம் பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரைதான் எங்களுக்குப் பிடித்தது. தெரியாத இடத்தில் செய்கிற வேலையை எத்தனை கையெழுத்து போட்டும் நம்ப முடியாது.

தங்களிடம் நாங்கள் கேட்பது சின்ன விஷயம். என்ஜின் பழுதானால் ‘என்ஜின் பழுது’ என்று எழுதுங்கள். இன்னும் தெரியாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார். விசாரணை அறிக்கை வரும்போது, அது வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும், அதற்குள் செய்தி பழையதாகிவிடும், ஆனாலும் அன்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். எந்தப் பாகம், அதைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், என்ன எண் வந்தது, எதைக் கொண்டு அளந்தார்கள், இடைவெளி முன்பு எவ்வளவு இருந்தது, யார் ஒப்புதலில் நீண்டது என்பதெல்லாம் அந்த அறிக்கைகளில் இருக்கும். பொதுவாக நடுப் பக்கங்களில், அட்டவணையாக. முதல் பக்கச் சுருக்கத்தோடு நிறுத்திவிட்டால் கிடைக்காது.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை.